பிரசவ அறையின் முதல் பத்து நிமிடம்: குருதிப்பெருக்கு ஒத்திகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு மருத்துவ மாணவர் பட்டம் பெறுவதற்குள், பிரசவத்தின் பின்னான குருதிப்பெருக்கை எத்தனை முறை தன் கையால் கையாண்டிருப்பார்? பெரும்பாலானோருக்கு ஒருமுறைகூட வாய்த்திருக்காது. நடப்பதைச் சுவரோரம் நின்று பார்த்திருப்பார். தாயின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது மாணவரை முன்னே விட முடியாது, விடவும் கூடாது. போதாக்குறைக்கு இலங்கையில் பிறப்புகளும் குறைந்துவருகின்றன. ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை இன்று இரண்டரை இலட்சத்தை எட்டுவதில்லை. மாணவர் கையில் கிடைக்கும் பிரசவங்களும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டன.

கிழக்கில் இதன் கனம் கொஞ்சம் கூட. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் மட்டக்களப்பில் படிக்கிறார்கள். படிப்பு முடிந்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடிந்தபின், அவர்களில் ஒருவர் மூதூரிலோ கிண்ணியாவிலோ புல்மோட்டையிலோ இரவுக் கடமையில் இருக்கக்கூடும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் திருகோணமலை நகரம் பக்கமாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் பிரசவத்தின் பின் இறுகாமல் தளர்ந்துபோன கருப்பையிலிருந்து குருதி போகும் வேகத்துக்கு எந்தப் பாலமும் ஈடாகாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லீ. குருதி பாய்கிறது. நிபுணர் வந்து சேரும்வரை, அல்லது அம்புலன்ஸ் புறப்படும்வரை, உள்ள பத்து நிமிடத்தில் அங்கே நிற்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தைக் கற்பிக்கும் சிமுலேஷன் ஒத்திகை ஒன்றை இந்த ஆய்வு முழுமையாகப் பிரித்துப் பார்க்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கும் உள்ளகப் பயிற்சி வைத்தியர்களுக்கும் பொருந்தும் காட்சி இது. நோயாளி கற்பனை; மருந்துகள், அளவுகள், நேரங்கள், மாணவர்கள் இடறும் இடங்கள் எல்லாம் நிஜம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மாணவர்கள் தோற்பது மருத்துவ அறிவில் அல்ல. எந்த மருந்து என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். அந்த மருந்து குளிர்சாதனப்பெட்டியிலிருந்து தாயின் நரம்புக்குப் போகும் வழியில்தான் தோற்கிறார்கள். ஒத்திகை அந்த வழியை நடத்திப் பார்க்காவிட்டால் அது இன்னொரு விரிவுரை.

காட்சி

இடம், திருகோணமலை மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலை ஒன்றின் பிரசவ அறை. நேரம் இரவு. தாய்க்கு 32 வயது, எடை 52 கிலோ, மூன்றாவது பிரசவம், 39 வாரம். ஹீமோகுளோபின் 10.2. அனுமதிக்கும்போது குருதியமுக்கம் 148/96. சிறுநீரில் புரதம் இல்லை. வலி மந்தமானதால், கருப்பையை இறுக்கும் மருந்தான ஒக்சிடோசின் ட்ரிப் ஓடியிருக்கிறது. குழந்தை 3.7 கிலோ, நன்றாக அழுகிறது. 10 அலகு ஒக்சிடோசின் தசை ஊசி போட்டாயிற்று. நச்சுக்கொடி முழுமையாக வந்துவிட்டது. மாணவர் அணி உள்ளே வரும்போது விரிப்பில் 300 மி.லீ. குருதி இருக்கிறது. தாய் சொல்லும் முதல் வார்த்தை: "மிஸ், கீழ நனையுது."

இவ்வளவுதான் ஆரம்பம். ஒவ்வொரு விவரமும் ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டது. ட்ரிப் ஓடியதும் பெரிய குழந்தையும் கருப்பை தளர்வதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. 52 கிலோ என்பதால் உடலில் ஏறத்தாழ ஐந்து லீட்டர் குருதிதான். அதிலும் ஹீமோகுளோபின் குறைவு, ஆகவே இழப்பைத் தாங்கும் எல்லையும் குறைவு. 148/96 என்பது ஒரு பொறி. அதற்குப் பின்னர் வருவோம்.

நாடியும் அமுக்கமும் நகரும் ஒழுங்கு இது. தொடக்கத்தில் நாடி 96, அமுக்கம் 140/90. மூன்றாம் நிமிடத்தில் 600 மி.லீ., நாடி 112, அமுக்கம் 122/78. ஆறாம் நிமிடத்தில் 900 மி.லீ., நாடி 124, அமுக்கம் 106/66; தாய் "தலை சுத்துது, கண் இருட்டுது" என்கிறார். பத்தாம் நிமிடத்துக்குள் சிகிச்சை சரியாக நடந்திருந்தால் கருப்பை இறுகும், குருதி குறையும். நடக்காவிட்டால் 1300 மி.லீ., நாடி 138, அமுக்கம் 86/50. அந்த நேரம் தாய் பேசுவதை நிறுத்திவிடுவார்.

நாடியை மேல் அமுக்கத்தால் வகுத்தால் வரும் அதிர்ச்சிச் சுட்டெண் தொடக்கத்தில் 0.69, மூன்றாம் நிமிடத்தில் 0.92, ஆறாம் நிமிடத்தில் 1.17, பத்தாம் நிமிடத்தில் 1.6. 0.9ஐத் தாண்டினால் எச்சரிக்கை. மூன்றாம் நிமிடத்தில் 122/78 என்ற அமுக்கத்தைப் பார்த்து "பிரஷர் நோர்மல்" என்று அறிவிக்கும் மாணவர் அனேகமாக ஒவ்வொரு அணியிலும் இருப்பார். சுட்டெண் அப்போதே எல்லையைக் கடந்துவிட்டது. ஆரோக்கியமான இளம் தாயின் உடல் ஒரு லீட்டருக்கு மேல் இழக்கும்வரைகூட அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பொருட்கள்

விலை உயர்ந்த முழு உருவ மின்னணுப் பொம்மை இதற்குத் தேவையில்லை. வாய்ப்பிருந்தால்கூட இந்தக் காட்சிக்கு அதை நாங்கள் தெரிவு செய்யமாட்டோம். லேர்டல் நிறுவனத்தின் 'மாமாநாட்டலி' போன்ற, ஒருவர் இடுப்பில் அணிந்துகொள்ளும் மாதிரியே பொருத்தம். அணிந்திருப்பவர் உள்ளிருந்தே கருப்பையை இறுக்குவார், தளர்த்துவார், குருதிக் குழாயைத் திறப்பார், மூடுவார். முக்கியமாக, அவர் பேசுவார். பொம்மையோடு யாரும் கதைப்பதில்லை. மனித முகம் ஒன்று தங்களைப் பார்த்து "எனக்கு என்ன நடக்குது?" என்று கேட்கும்போதுதான் மாணவர்கள் பதில் சொல்லப் பழகுகிறார்கள். துணியும் தோலும் கொண்டு செய்த பிரசவ மாதிரியோடு பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்பித்தார் மதாம் து கூத்ரே. அந்த மாதிரிகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மின்சாரம் இல்லாமலே நல்ல பயிற்சி கொடுக்கலாம் என்பது அன்றே நிறுவப்பட்டது.

செயற்கைக் குருதிக்கு ஒரு லீட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து, மெல்லிய சூட்டில் கிளறி, ஆறியபின் சிவப்பு உணவுச்சாயமும் ஒரு சிட்டிகை கொக்கோத் தூளும் சேர்க்க வேண்டும். கொக்கோ இல்லாவிட்டால் நிறம் சர்பத் போலத் தெரியும்; மாணவர்கள் அதைக் குருதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சீனி சேர்த்த சாயம் வேண்டாம். எறும்பு வரும், குழாயும் ஒட்டும். கட்டி தட்டினால் குழாய் அடைத்துவிடும் என்பதால் வடிகட்டியே ஊற்ற வேண்டும். முடிந்ததும் குழாய்களுக்குள் சுத்தமான நீரைப் பாய்ச்சி, தொங்கவிட்டு உலர்த்துங்கள். திருகோணமலையின் கடற்கரை ஈரத்தில் இரண்டு நாள் மூடிவைத்தாலே உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.

மருந்துகளைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி. குப்பி உடைக்க வேண்டும், சிரிஞ்சில் இழுக்க வேண்டும், பெயரெழுதி ஒட்ட வேண்டும். "ஒக்சிடோசின் குடுத்திட்டன்" என்று வாயால் சொல்வதை ஏற்கக்கூடாது. அந்த ஒரு வசனம் நிஜத்தில் ஒன்றரை நிமிட வேலை. காலாவதியான குப்பிகளோ, தண்ணீர் நிரப்பிய குப்பிகளோ போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்ற சிவப்புச் சீட்டு இருக்க வேண்டும். வந்ததும் எண்ணி, போகும்போதும் எண்ண வேண்டும். ஒத்திகைக் குப்பி ஒன்று நிஜமான அவசர ட்ரொலிக்குள் போய்விட்டால் அது கொலைக்குச் சமம்.

மேலும் தேவையானவை: அளவுக் குறியிட்ட குருதி சேகரிப்பு விரிப்பு, 16ஜி கனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) இரண்டு, 500 மி.லீ. சேலைன் நான்கு, ஃபோலி கதீற்றர் (சிறுநீர் வடிக்கும் குழாய்), ஆணுறை, பட்டு நூல், ஒட்சிசன் முகமூடி, சுவரில் பெரிய மணிக்கூடு. குளிர்சாதனப்பெட்டியை அறைக்குள் வைக்க வேண்டாம். ஒக்சிடோசின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. நிஜத்தில் அது எங்கே இருக்குமோ, ஒத்திகையிலும் அவ்வளவு தூரத்தில் இருக்கட்டும். திறப்பும் நிஜத்தில் யாரிடம் இருக்குமோ அவரிடமே இருக்கட்டும்.

நிமிடம் நிமிடமாக

அணியில் ஐந்து பேர். அதற்கு மேல் போனால் இருவர் சும்மா நிற்பார்கள். முடிந்தால் உண்மையான தாதி ஒருவரையும் மருத்துவமாது ஒருவரையும் சேருங்கள். மாணவர்கள் மட்டுமே நடிக்கும் பிரசவ அறை எங்கும் கிடையாது.

முதல் நிமிடத்தில் நடக்க வேண்டியது மூன்று: வயிற்றின் மேலாகக் கருப்பையின் உச்சியில் கை வைப்பது, உதவிக்குக் கூப்பிடுவது, எவ்வளவு போயிருக்கிறது என்று அளவுக் குறியைப் பார்த்து உரக்கச் சொல்வது. பெரும்பாலான அணிகளில் முதலாவது தாமதமாகிறது. மாணவர் கால்மாட்டில் நின்று குருதி வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிரச்சினை இருப்பது வயிற்றில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே. கை வைத்தபின்னும் பலர் தடவிக் கொடுக்கிறார்களே தவிரத் தேய்ப்பதில்லை. தாய்க்கு நோகும் என்ற தயக்கம் அது. மாதிரியை அணிந்திருப்பவருக்கு நாம் கொடுக்கும் அறிவுறுத்தல்: உள்ளங்கை முழுவதும் அழுந்தி, வட்டமாகத் தொடர்ந்து தேய்க்கும்போது மட்டும் கருப்பையைச் சற்று இறுக்குங்கள்; கை நின்றவுடன் தளர்த்துங்கள். இதில் அணிந்திருப்பவர் இடறும் இடமும் ஒன்று உண்டு. மாணவர் திணறுவதைப் பார்த்து இரக்கப்பட்டு முன்கூட்டியே இறுக்கிவிடுவார். அப்போது மாணவர் கற்றுக்கொள்வது தவறான பாடம்.

குருதியின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதை நம்பவே கூடாது. எல்லோரும் குறைத்தே சொல்வார்கள். இழப்புக் கூடக் கூடப் பிழையும் கூடும். அதனால் காட்சிக்கு முன் பதினைந்து நிமிடம் தனியாக ஒதுக்கி, இந்த அளவுகளைக் கண்ணுக்குப் பழக்க வேண்டும்: 10×10 செ.மீ. துணி முழுக்க நனைந்தால் சுமார் 60 மி.லீ.; 45×45 செ.மீ. பெரிய துணி நனைந்தால் 350. நிரம்பிய கிட்னி டிஷ் 500. தரையில் 50 செ.மீ. விட்டமுள்ள குட்டை 500, 75 செ.மீ. என்றால் 1000, ஒரு மீற்றர் என்றால் 1500. நனைந்த துணியை நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மி.லீ. என்று கொள்ளலாம். கட்டிலை விட்டுத் தரைக்குக் குருதி வழிந்திருந்தால் இரண்டு லீட்டர் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாம் நிமிடத்திலிருந்து ஐந்தாம் நிமிடம் வரை மருந்துகளின் நேரம். இங்கேதான் எண்கள் உதைக்கும். 40 அலகு ஒக்சிடோசினை 500 மி.லீ. சேலைனில் கலந்து மணிக்கு 125 மி.லீ. வீதம் விட வேண்டும். குப்பி ஒன்றில் 5 அலகு என்றால் எட்டுக் குப்பி. 10 அலகு என்றால் நான்கு. எட்டுக் குப்பியை உடைத்து இழுக்க ஒருவருக்கு எடுக்கும் நேரத்தை மாணவர் யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. மில்லிலீட்டருக்கு 20 துளி விழும் செட் என்றால் 125 மி.லீ. என்பது நிமிடத்துக்கு 42 துளி. பம்ப் இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அடுத்த தவறு இதிலிருந்தே பிறக்கிறது. நாடி ஏறுகிறது, திரவம் வேண்டும் என்று தலைவர் சொல்கிறார். கையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ட்ரிப்பை முழுவேகத்தில் திறந்துவிடுகிறார்கள். ஓடுவது ஒக்சிடோசின். அது வேகமாகப் போனால் அமுக்கம் இன்னும் விழும். இரண்டு கனுலா என்பது இதற்காகத்தான்: ஒன்று ஒக்சிடோசினுக்கு, மற்றது வேகமான திரவத்துக்கும் பின்னர் குருதிக்கும். இரண்டாவது கனுலா போடும்போதே இரத்த வகை, குறுக்குப் பொருத்தம், முழுக் குருதி எண்ணிக்கை, உறைதல் ஆகியவற்றுக்கான மாதிரியை எடுத்துவிட வேண்டும். பிறகு நரம்பு கிடைக்காது.

அடுத்தது, உறைந்த குருதி கரையாமல் காக்கும் ட்ரனெக்சமிக் அமிலம்: 1 கிராம், நரம்பு வழியாகப் பத்து நிமிடம் எடுத்து. 500 மி.கி. கொண்ட 5 மி.லீ. குப்பி என்றால் இரண்டு. மொத்தம் 10 மி.லீ.; ஆகவே நிமிடத்துக்கு ஒரு மி.லீ. பதற்றத்தில் ஒரே தள்ளாகத் தள்ளுவோர் பலர், அமுக்கம் விழும். குழந்தை பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு 2017இல் வெளியான 'வுமன்' ஆய்வு காட்டியது இதைத்தான்: நேரத்தோடு கொடுத்தால் குருதிப்போக்கால் நிகழும் மரணம் குறைகிறது. ஆகவே "கடைசியாகப் பார்ப்போம்" என்று ஒதுக்கி வைக்கும் மருந்து அல்ல இது. அரை மணித்தியாலத்தின் பின்னும் குருதி நிற்காவிட்டால் இன்னொரு கிராம்.

இனி அந்தப் பொறி. ஐந்தாம் நிமிடமளவில் யாரோ ஒருவர் எர்கோமெட்ரின் குப்பியை எடுப்பார். பிரசவ அறையில் கைக்கு எட்டும் மருந்து அது, 0.5 மி.கி.; கருப்பையை நன்றாக இறுக்கும். ஆனால் உயர் குருதியமுக்கம் உள்ளவருக்குக் கூடாது. கவனமான மாணவர் திரையைப் பார்ப்பார்: 106/66. "பிரஷர் குறைவாத்தானே இருக்கு, குடுக்கலாம்." குருதி போனதால் இறங்கிய அமுக்கம் அது, அட்டையின் முதல் பக்கத்தில் 148/96 இருக்கிறது. குருதி நின்று திரவம் ஏறியதும் அமுக்கம் திரும்பி எழும், எர்கோமெட்ரினும் சேர்ந்து தூக்கும். மூளையில் குருதிக் கசிவு, வலிப்பு என்ற வேறொரு ஆபத்து வாசலில் நிற்கும். இந்தத் தாய்க்கு அடுத்த படி, கருப்பையை இறுக்கும் வேறு இரண்டு மருந்துகளில் ஒன்று: 800 மைக்ரோகிராம் மிசோப்ரொஸ்டோல் நாக்கின் கீழ், அல்லது 250 மைக்ரோகிராம் கார்போப்ரொஸ்ட் தசை ஊசி. பிந்தியதைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எட்டு ஊசி வரை கொடுக்கலாம். ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ரொஸ்ட் கூடாது. அந்தப் பொறியை இன்னொரு நாளைய காட்சிக்கு வையுங்கள். ஒரே காட்சியில் இரண்டு பொறி வைத்தால் மாணவர் பொறிகளைத் தேடத் தொடங்கிவிடுவார். தாயைப் பார்க்க மாட்டார்.

மறக்கப்படும் ஒன்று சிறுநீர்ப்பை. நிரம்பிய பை கருப்பையை இறுக விடாது. கதீற்றர் போடுவதற்கு முன் எவ்வளவு தேய்த்தாலும் கருப்பை முழுதாக இறுகாதபடி அணிந்திருப்பவருக்குச் சொல்லி வையுங்கள். அணி தானே காரணத்தைத் தேடட்டும். அதோடு வேறு காரணங்களையும் தேட வேண்டும்: கருப்பைவாயிலோ யோனியிலோ கிழிசல் இருக்கிறதா, நச்சுக்கொடியின் துண்டு எதுவும் உள்ளே நிற்கிறதா, வெளியே வந்த குருதி உறைகிறதா. கருப்பை இறுகியும் குருதி நிற்காவிட்டால் கிழிசல் என்று நினைக்க வேண்டும்.

இவை அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே கட்டாகச் செய்வதுதான் பலன் தருகிறது. 2023இல் வெளியான 'ஈ-மோட்டிவ்' ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகளில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. அளவுக் குறியிட்ட விரிப்பு, தேய்த்தல், கருப்பையை இறுக்கும் மருந்து, ட்ரனெக்சமிக் அமிலம், திரவம், பரிசோதனை. அவ்வளவுதான். கடும் குருதிப்பெருக்கு, வயிற்றைத் திறக்கும் சத்திரசிகிச்சை, குருதிப்போக்கால் மரணம் ஆகியவை சேர்ந்த அளவு 60 சதவீதம் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை.

வாய்மொழி

மருத்துவம் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தாய் தமிழில் பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் தாதி சிங்களம் பேசுபவராக இருக்கலாம். திருகோணமலையில் இது அன்றாடம். ஆகவே ஒத்திகையில் தாய் தமிழில்தான் பேச வேண்டும், அதுவும் ஊர்ப் பேச்சில். "நெஞ்சு படபடக்குது", "வாய் காயுது", "கூதலா இருக்கு", "என்னமோ மாதிரி இருக்கு" என்பவை ஒவ்வொன்றும் அதிர்ச்சி நிலையின் அறிகுறி. "என்னமோ மாதிரி இருக்கு" என்பதைக் கேட்டு "ஒண்டுமில்ல அம்மா" என்று சொல்லிவிட்டு நகரும் மாணவருக்கு அந்தக் கணத்தில் ஒரு அறிகுறி தவறிவிட்டது. ஐவரில் ஒருவர் தலைமாட்டில் நின்று தாயோடு கதைப்பதையே வேலையாகக் கொள்ள வேண்டும். "அம்மா, குருதி கூடப் போகுது. வயித்தை அழுத்தித் தேய்ப்பம், நோகும். நான் பக்கத்திலதான் நிக்கிறன்." இதைச் சொல்ல ஐந்து விநாடி போதும்.

அணிக்குள்ளே பேச்சு வேறு. "யாராவது சின்டோ எடுங்க" என்றால் (ஒக்சிடோசினின் பேச்சுப் பெயர் அது) யாரும் எடுக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து, பெயர் சொல்லி, அளவும் அலகும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவர் "சரி சேர்" என்று தலையாட்டுவது போதாது. "நாப்பது யூனிட் ஒக்சிடோசின், ஐந்நூறு சேலைன்ல" என்று திருப்பிச் சொல்லி, முடித்ததும் முடித்ததாக அறிவிக்க வேண்டும். மூன்று மொழி நடமாடும் அறையில் எண்ணைத் திருப்பிச் சொல்வதுதான் பிழையைப் பிடிக்கும் ஒரே வலை.

நிபுணருக்கான தொலைபேசி அழைப்பு தனிப் பயிற்சி. மாணவர்கள் தொடங்கும் விதம்: "சேர், இவ 32 வயசு, திங்கட்கிழமை எட்மிட் பண்ணினது..." வரலாறு முழுக்கச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போய்விடும். இப்படிச் சொல்லப் பழக்க வேண்டும்: "சேர், பிள்ளை பிறந்து எட்டு நிமிசம், 900 மி.லீ. குருதி போயிருக்கு, இன்னும் நிக்கேல்ல. நாடி 124, பிரஷர் 106க்கு 66. கருப்பை தளர்வு. ஒக்சிடோசின் ஓடுது, ட்ரனெக்சமிக் போய்க்கொண்டிருக்கு. முன்னம் பிரஷர் இருந்தபடியா எர்கோமெட்ரின் குடுக்கேல்ல. நீங்க வரவேணும் சேர்." கடைசி வசனம்தான் பலருக்கு வாயில் வராது. மூத்தவரிடம் "வாங்கோ" என்று சொல்வது மரியாதைக் குறைவு என்ற கூச்சம். அதை வாய்விட்டுச் சொல்லாதவரை அழைப்பு முடிந்ததாகக் கொள்ளக்கூடாது.

ஆணுறைப் பலூன்

மருந்து கேட்காத கருப்பைக்கு, சத்திரசிகிச்சைக்கூடம் தயாராகும்வரை, கைகொடுக்கும் கருவி இது. வங்காளதேசத்தின் மகப்பேற்று நிபுணர் சையபா அக்தர் உருவாக்கி 2003இல் வெளியிட்டார். இதைக் காட்சிக்குள் முதன்முதலாகச் செய்யவிடக் கூடாது. தனியாகப் பழகியபின்பே காட்சியில் சேர்க்க வேண்டும்.

கதீற்றரின் நுனிமேல் ஆணுறையை மாட்டி, அடியைப் பட்டு நூலால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள ஆணுறை என்றால் கட்டும் இடத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கி உருவும். இறுக்கிக் கட்டினால் கதீற்றரின் துளை அடைபடும். தளர்த்திக் கட்டினால் ஒழுகும். உள்ளே வைப்பதற்கு முன் 50 மி.லீ. சேலைன் விட்டுப் பார்த்து, ஒழுகாவிட்டால் அந்தச் சேலைனை வெளியே எடுத்துவிட்டு, பின் பலூனைக் கருப்பைக்குள் வைத்து 250 முதல் 500 மி.லீ. வரை, குருதி நிற்கும் அளவுக்கு நிரப்பி, குழாயை மடித்துக் கட்ட வேண்டும். வாயகன்ற, ஒளி ஊடுருவும் ஒரு லீட்டர் பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து வைத்தால் பலூன் எப்படி நிரம்புகிறது, எங்கே உருவி வெளியே வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்று நிமிடத்துக்குள் கட்டி முடிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். வெயில் அடிக்கும் அலுமாரியில் கிடந்த பழைய ஆணுறை நிரப்பும்போதே வெடிக்கும். பயிற்சிக்கும் புதியதே வேண்டும்.

தோள் சிக்கல் (தலை வந்தபின் குழந்தையின் தோள் மாட்டிக்கொள்வது), வலிப்பு, கருப்பைவாய் விரிவை விரலால் அறிதல் ஆகியவற்றுக்கும் இதே அணுகுமுறைதான், இங்கே விரிக்கவில்லை. தோள் சிக்கலுக்கு மட்டும் ஒரு சான்று. பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் வைத்தியசாலையில் பிரசவ அறை ஊழியர் அனைவருக்கும் ஆண்டுதோறும் மாதிரியில் பயிற்சி கொடுத்தபின், தோள் சிக்கலோடு பிறந்த குழந்தைகளில் காயமடைந்தோர் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தனர். 2008இல் வெளியான கணக்கு இது. குறிப்பிட்ட சிலரை மட்டும் அனுப்பாமல் எல்லோரையும் பயிற்றியதே அங்கே வேலை செய்தது என்பது எங்கள் வாசிப்பு.

பின்னுரையாடல்

காட்சி பன்னிரண்டு நிமிடம் என்றால் பின்னுரையாடலுக்கு அரை மணித்தியாலம் வேண்டும். நேரம் போதவில்லை என்று வெட்டப்படுவது எப்போதும் இந்தப் பகுதிதான். அப்படி வெட்டினால் காட்சியையே நடத்தாமல் விடலாம். மாணவர்கள் முதலில் மனதில் உள்ளதைக் கொட்டட்டும். பிறகு என்ன நடந்தது என்று அவர்களே வரிசைப்படுத்தட்டும். நேரம் குறித்தவரின் தாள் அப்போது மேசைக்கு வரும்: கருப்பையில் கை வைத்த நேரம், உதவி கேட்ட நேரம், ஒக்சிடோசின் உண்மையில் ஓடத் தொடங்கிய நேரம், ட்ரனெக்சமிக், கதீற்றர், அழைப்பு. தங்கள் நினைவில் இருந்த நேரத்துக்கும் தாளில் உள்ள நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்ததும் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பயிற்றுநர் உடனே நிரப்ப வேண்டாம்.

கேள்வியின் வடிவம் முக்கியம். "ஏன் அதைச் செய்யேல்ல?" என்றால் தலை குனிவார்கள். "நாலாம் நிமிசத்தில ட்ரிப்பை முழுசாத் திறந்ததைப் பார்த்தன். அதுக்குள்ள ஒக்சிடோசின் இருந்ததால எனக்குப் பயமா இருந்தது. அந்த நேரம் நீங்க என்ன யோசிச்சீங்க?" என்றால் பதில் வரும். பதில் பெரும்பாலும் நியாயமானதாகவும் இருக்கும்: இரண்டாவது கனுலா போடப்பட்டதா என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அறிவுப் பிழை போலத் தெரிந்தது தகவல் பிழை என்று அங்கேதான் வெளிவரும். விடுதியின் நிபுணர் இந்த உரையாடலை நடத்துவதை நாங்கள் விரும்புவதில்லை. மதிப்பெண் போடுபவர் முன் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார். காட்சிக்கு முன்பே இதில் மதிப்பெண் இல்லை, காணொளி வெளியே போகாது என்று சொல்லி, சொன்னபடி நடக்க வேண்டும். பின் அதே நாளில், பாத்திரங்களை மாற்றி, அதே காட்சியை இன்னொருமுறை நடத்துங்கள். திருத்திய கையின் நினைவு அன்றே பதிய வேண்டும்.

ஒத்திகை தராதவையும் உண்டு. நிஜமான கருப்பை தளர்ந்திருக்கும்போது வயிற்றில் கை எதை உணரும் என்பதை ரப்பர் சொல்லித் தராது. அதைச் சுகமான பிரசவங்களுக்குப் பின் தாயிடம் கேட்டு, அனுமதியோடு கை வைத்துத்தான் பழக வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாய்மார் பலர் ஆண் மாணவர்கள் பரிசோதிப்பதை விரும்புவதில்லை. அது அவர்கள் உரிமை. அதனால் ஆண் மாணவர்களுக்குக் கைப்பழக்கம் குறைகிறது என்பதும் உண்மை. மாதிரியில் அவர்களுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதே வழி. மாதிரியிலும் ஒவ்வொரு முறையும் "அம்மா, உள்ள கை வச்சுப் பாக்கவேணும், பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டே தொட வேண்டும். கேட்காமல் தொட்டால் காட்சியை நிறுத்துங்கள்.

பழகியது சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய பயிலரங்கு வைப்பதைவிட, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம், கடமை மாறும் நேரத்தில், பிரசவ அறையிலேயே நடத்துவது மேல். நிஜமான அவசரம் வந்தால் ஒத்திகையை அந்த நொடியே நிறுத்துவதற்கு ஒரு சொல்லை முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். புதிய உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் கடமையேற்கும் முதல் வாரத்தில், அவர்கள் வேலை செய்யப்போகும் அதே அறையில், இரவில் இதை நடத்துங்கள். குளிர்சாதனப்பெட்டியின் திறப்பு யாரிடம், குருதி வங்கிக்கு மாதிரியை யார் கொண்டு ஓடுவது, அம்புலன்ஸ் சாரதியின் எண் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பவை பகலில் நடத்தினால் தெரியவராது.